ஹாரனுக்கு ஏற்றிய இரத்தம்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. கால்நடை மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் அக்கா, துணி மடித்துக்கொண்டே சொன்னது. “இதையும் எழுதித் தொலைக்காதே” என்றாள். கேட்பேனா?

‘அந்த நாயின் இரத்தம் தண்ணீராக மாறி...’

வேண்டாம். மிகைப்படுத்தினால் அக்கா ஒத்துக்கொள்ள மாட்டாள். அவள் கண்ணாடித் தகட்டில் பார்த்தது இதுதான்: சிவப்பணுக்கள் இருக்க வேண்டியதில் கால்பங்குகூட இல்லை. இருந்தவற்றுக்குள்ளும் நீர்த்துளி வடிவில், ஜோடி ஜோடியாக ஒட்டுண்ணிகள். உண்ணி கடித்து ஏற்றிவிட்டவை. அணுவுக்குள் குடியேறிப் பெருகி, அதை உடைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போகும்.

“உண்ட வீட்டுக்கே ரெண்டகம்” என்றாள் அக்கா.

2

நாயின் பெயர் ஹாரன். வளர்த்தவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மனைவி போன பிறகு அவர் வாய்திறந்து பேசுவது அதனிடம்தான். (இந்த வரியை வெட்டப் பார்த்தேன், இரக்கம் தேடுவதுபோல் இருக்கிறதே என்று. உண்மையை என்ன செய்வது?)

ஹாரனுக்கு ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனது. மருந்து பிடிக்கும்வரை உயிர் தாங்க வேறொரு நாயின் இரத்தம் வேண்டும். தையல்கார அம்மா ஒருவர் தன் நாயைக் கூட்டிவந்தார். அதன் பெயர் நூல்கண்டு. வேறு அறையில் வைத்து எடுத்தார்கள். பை மட்டும்தான் இந்தப் பக்கம் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவேயில்லை.

ஹாரன் பிழைத்துக்கொண்டது.

3

பல மாதங்கள் கழித்து நூல்கண்டு லாரியில் அடிபட்டுச் செத்தது. அன்று மதியமே ஹாரன் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. அது தன் வீட்டுக்கு வந்திருப்பதாகத் தையல்கார அம்மா மருத்துவமனைக்குப் போன் செய்தார். ஓட்டுநரோடு அக்காவும் போனாள்.

அதுவரை கண்டிராத அந்த வீட்டில், தையல் மிஷின் மிதியில் தாடையை வைத்துப் படுத்திருந்தது ஹாரன்.

“என் நூல்கண்டு இப்படித்தான் படுப்பான்” என்றார் அந்த அம்மா. “அவன் ரத்தம்தானே உள்ள ஓடுது. விட்டுட்டுப் போங்கய்யா.”

“ஏம்மா, இதுவும் போயிட்டா நான் யார்கூடப் பேசறது?”

அக்கா குறுக்கிட்டாள். “ஏத்துன ரத்தம் இத்தனை நாள் நிக்காதும்மா. எப்பவோ அழிஞ்சிருக்கும். இப்ப ஓடுறது இவனோடதுதான்.”

“அப்ப வழி சொன்னது யாரு?”

(வாடை பிடித்து வந்ததாக ஒரு பத்தி எழுதினேன். நானே நம்பவில்லை, அடித்துவிட்டேன்.)

“அதுக்கு முந்தின வாரம்தான் ஹாரனோட தகடு பார்த்தேன்” என்றாள் அக்கா என்னிடம். “ஒட்டுண்ணி ஒண்ணுகூட இல்லை. எல்லாம் சரியா இருந்துச்சு. அதான்டா பயமா இருந்துச்சு.”

4

ஓட்டுநர் வாசலில் நின்று, “ஹாரன்” என்று கூப்பிட்டார். காதுகூட அசையவில்லை. தையல்கார அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். செத்தவன் பெயரைச் சொல்லித் தான் கூப்பிட்டால் வந்துவிடுமோ என்ற பயம்.

ஓட்டுநர் ஓரடி உள்ளே வைத்தார். பிறகு மெல்ல, “நூல்கண்டு...” என்றார்.

வாலை ஆட்டிக்கொண்டு எழுந்துவந்து, அவர் காலடியில் நின்றது.

கூட்டிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று அக்கா கேட்கவில்லை. நானும் எழுதப்போவதில்லை. தட்டில் சோறு வைத்தாயிற்று, வாய் திறக்கப்போகிறார். அது தின்னாமல் அவர் முகத்தையே பார்க்கிறது.

நீங்கள் கூப்பிடுங்கள்.