மூன்று விரல்

வளைகுடா ஊரான புஜைராவில், கல்லூரி நேர்முகத்துக்குப் போகப் பஸ் ஏறுவதற்கு முன்பே ஜுலைஹா பீவி மகள் அஃப்னாவிடம் சத்தியம் வாங்கிவிட்டாள்.

"என் வாயப் பத்தி அங்க ஒரு வார்த்த பேசக் கூடாது. வல்லாஹின்னு சொல்லு."

"உம்மா, ஏன் பல் டாக்டருக்குப் படிக்க வந்தேன்னுதான் மொதல்ல கேப்பாங்க. நான் வேற என்னத்தச் சொல்றது?"

"அதுக்குத்தான அந்த டியூஷன் ரஹ்மான் சார் பேப்பர்ல எழுதிக் குடுத்தாரு? அதச் சொல்லு. இங்க பேசுனா நாளைக்கே கீழக்கரைக்குத் தெரிஞ்சிரும். பாக்கப் போட்டுப் போட்டு வாய் ஒட்டிப்போச்சு பாருன்னு ஒவ்வொருத்தியும் சிரிப்பாளுவ."

அஃப்னா வல்லாஹி என்று சொன்னாள். சொல்லாமல் பஸ் ஏறியிருக்க முடியாது.

மலைகளைக் குடைந்து போட்ட சாலையில் பஸ் போனது. ஜுலைஹா ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, முக்காட்டு நுனியால் வாயை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறவளைப் போலத்தான் இப்போது அவள் பேச்சு. ஒரு காலத்தில் அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மூன்று மாடிக்கும் கேட்கிற சிரிப்பு அவளுடையது. "உன் உம்மாவுக்கு மைக் எதுக்கு?" என்று வாப்பா கௌஸ் முகைதீன் கேலி செய்வார். துறைமுகத்துக்குப் போகிற சாலையில் அவருக்கு ஒரு சின்ன மளிகைக்கடை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குத் தவிர அந்தக் கடையின் ஷட்டர் இறங்கி அஃப்னா பார்த்ததில்லை.

ஜுலைஹாவுக்கு ஊர்ப் பாக்கு வேண்டும். வாசனை போட்ட, சின்னச் சின்னப் பொட்டலத்தில் வருகிற பாக்கு. காலையில் ஒன்றைக் கிழித்துக் கன்னத்தில் அடக்கினால் இரவு பாய் விரிக்கும்வரை ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். இங்கே கடைகளில் லேசில் கிடைக்காது. லீவு முடிந்து வருகிறவர்கள் பெட்டியில் கொண்டுவந்தால்தான் உண்டு.

இரண்டு வருடத்துக்கு முன் அஃப்னா போனில் ஒரு வீடியோ பார்த்தாள். ஆரோக்கியமான வாய் என்றால் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே விட முடிய வேண்டும் என்று அதில் சொன்னார்கள். விளையாட்டாக உம்மாவை அளந்தாள். மூன்று விரல் நுழையவில்லை, இரண்டுதான் போனது. "உன் விரல் குண்டு புள்ள!" என்று ஜுலைஹா சிரித்தாள். அந்த வருடப் பெருநாளுக்குள் காரம் பட்டால் வாய் எரிய ஆரம்பித்தது. இன்ஷூரன்ஸ் கார்டில் பல்லும் வாயும் கிடையாது. வாப்பா சொன்னார், "ஆகஸ்ட்ல லீவுக்குப் போறோம்ல, ஊர்ல காட்டிக்கலாம்." அந்த ஆகஸ்டில் தங்கை அஃபீஃபாவின் பரீட்சை வந்தது. அடுத்த ஆகஸ்டில் கடையில் ஆள் இல்லை.

வீட்டில் எல்லாருக்குமே அது பழகிவிட்டது. சோற்றைக் குழைய வடித்தார்கள். ரொட்டியைப் பாலில் ஊறவைத்தார்கள்.

*

கல்லூரியின் காத்திருப்புக் கூடத்தில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லார் சட்டையிலும் ஒரு எண். அஃப்னாவுக்குப் பதினேழு. கதவருகே கோப்போடு நின்ற அலுவலர் இரத்தினசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். தமிழ் முகம் கண்டதும் பக்கத்தில் வந்தார்.

"பிள்ளை, கவனமாக் கேளுங்கோ. நேர்முகம் முடிஞ்ச உடன வீட்டுக்குப் போயிடாதேங்கோ. ஒரு மணிக்குக் கைவேலைச் சோதனை இருக்கு. சோப்புக் கட்டியில பல்லுச் செதுக்கச் சொல்லுவினம். அதுக்கு வராட்டி, நேர்முகத்தில எவ்வளவு எடுத்தாலும் பேரை வெட்டிப்போடுவினம்."

அடுத்த நாற்காலியில் பஹ்ரைன் ஈசா டவுனிலிருந்து வந்த கஜானி என்ற இலங்கைப் பெண். "நான் ஒரு கிழமையா லக்ஸ் சோப்பாச் செதுக்கி வீடே மணக்குது. அப்பா குளிக்கச் சோப்பு இல்லாமத் திரியிறார்" என்று கிசுகிசுத்தாள். அஃப்னாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பன்னிரண்டாம் எண் பையன் உள்ளேயிருந்து வந்து, யாரையும் பார்க்காமல், டையைக் கழற்றிச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு போனதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

கஜானி பதினாறாம் எண். பத்து நிமிடத்தில் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. "பாடமாக்கினதை ஒப்பிக்காதைங்கோ. அந்த டொக்டர் அம்மா பேனையைக் கீழ வச்சிட்டு ஆளையே பாத்துக்கொண்டிருக்கிறா."

"பதினேழு" என்றார் இரத்தினசிங்கம்.

*

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் டாக்டர் இஃப்பத், லாகூர்க்காரர், நரைத்த தலைமுடியை ஒட்ட வாரியிருந்தார். எல்லாம் ஆங்கிலத்தில்தான்.

"ஏன் பல் மருத்துவம்?"

அஃப்னா கலீலுர் ரஹ்மான் சார் எழுதித் தந்ததைத் தொடங்கினாள். கலையும் விஞ்ஞானமும் கைகோக்கும் ஒரே துறை இது, சின்ன வயதிலிருந்தே ஒரு புன்னகையின் மதிப்பை...

டாக்டர் இஃப்பத் பேனாவைக் கீழே வைத்தார்.

"மகளே, புன்னகையின் மதிப்பை இன்று காலையிலிருந்து நான்கு பேர் எனக்குச் சொல்லிவிட்டார்கள். நான்கு பேரும் ஒரே டியூஷன் சென்டரா?"

ஓரத்தில் இருந்த பேராசிரியர் லேசாகச் சிரித்தார். அஃப்னா மனப்பாடம் செய்த தாள் மண்டையிலிருந்து அப்படியே அழிந்துபோனது. வெறுமையாகிப்போன அந்த இடத்தில் உம்மாவின் வாய் மட்டும் இருந்தது.

"என் உம்மாவால் வாயைத் திறக்க முடியவில்லை" என்றாள்.

சொன்ன பிறகுதான் வல்லாஹி நினைவுக்கு வந்தது. ஆனால் கேள்விகள் தொடங்கிவிட்டன.

"எத்தனை விரல்?"

"முதலில் பார்த்தபோது இரண்டு. இப்போது அளப்பதில்லை."

"பாக்கா?"

"ஆமாம்."

"முதலில் கவனித்தது யார்?"

"நான்தான். இரண்டு வருடம் முன்னால்."

"கவனித்து என்ன செய்தாய்?"

லீவுக்காகக் காத்திருந்தோம் என்பதை எந்த மொழியில் சொன்னாலும் இந்த மேசைக்கு முன் அது ஒரு பதிலாகாது.

"அந்தப் பாக்கு இங்கே அவருக்கு எப்படிக் கிடைக்கிறது?"

"ஊரிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவருவார்கள்."

"யார்?"

ஓரத்துப் பேராசிரியரும் இப்போது சிரிக்கவில்லை.

"நான்" என்றாள் அஃப்னா. "போன ஜனவரியில் மாமா மகள் கல்யாணத்துக்குப் போனேன். வரும்போது என் பெட்டியில், பாடப் புத்தகத்துக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தேன். இருநூறு பொட்டலம். விமான நிலையத்தில் உம்மா அதை வாங்கிக்கொண்டு என் நெற்றியில் முத்தம் கொடுத்தாள்."

டாக்டர் இஃப்பத் அவளையே பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அஃப்னாவால் தாங்கியிருக்க முடியும்.

"அம்மா எங்கே? புஜைராவிலா?"

"வெளியே உட்கார்ந்திருக்கிறாள்."

"கூட்டிக்கொண்டு வா."

*

என்னமோ ஏதோ என்று பதறி வந்த ஜுலைஹாவிடம் டாக்டர் உருதுவில் பேசினார். கடைக்கு வருகிற பட்டாணியர்களிடம் கற்ற இந்தி ஜுலைஹாவுக்குப் போதுமானதாக இருந்தது. "மூ கோலோ, பெஹன்" என்று வாயைத் திறக்கச் சொன்னதும் அவள் மகளை ஒரு பார்வை பார்த்தாள். காட்டிக்கொடுத்துவிட்டாயா என்று கேட்கிற பார்வை. பிறகு முக்காட்டை விலக்கி, திறக்க முடிந்த அளவு திறந்தாள்.

டாக்டர் கையுறை மாட்டி, போன் வெளிச்சத்தில் பார்த்தார். கன்னத்தின் உள்பக்கம் கட்டை விரலால் தடவிக்கொண்டே போனவர், பின்னால் ஓரிடத்தில் நிறுத்தினார். மறுபடி அதே இடத்தை அழுத்தினார். ஜுலைஹாவின் கண்ணில் நீர் தெறித்தது. டாக்டரின் முகத்தில் எதுவும் மாறவில்லை. மாறாமல் வைத்துக்கொள்ள அவர் பாடுபட்டது அஃப்னாவுக்குத் தெரிந்தது.

"இந்தப் புண் எத்தனை நாளாக?"

"தோ ஹஃப்தா" என்றாள் ஜுலைஹா. இரண்டு வாரமாம். ரமலானில் நோன்பு திறக்கும்போது கஞ்சி பட்டுத் துடித்தாள், அதற்கே மூன்று மாதம் ஆகிவிட்டது. அஃப்னா அதையும் சொன்னாள்.

டாக்டர் ஒரு தாளில் எழுதி, மடித்துக் கொடுத்தார். "பக்கத்துத் தெருவில் மருத்துவமனை. என் பெயரைச் சொல்லி இதைக் கொடுங்கள். ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். அறுவைச் சிகிச்சை டாக்டர் இரண்டு மணிவரை இருப்பார். நாளையிலிருந்து ஹஜ் பெருநாள் விடுமுறை, பிறகு ஒன்பது நாள் அவரைப் பிடிக்க முடியாது." அஃப்னாவின் பக்கம் திரும்பினார். "உனக்கு நான் மதிப்பெண் போடுவது இனி சரியில்லை, இவர்கள் இருவரும் போடுவார்கள். ஒரு மணிச் சோதனையைத் தள்ளிவைக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. மன்னித்துக்கொள்."

*

நடைபாதையில் ஜுலைஹா மகளின் கையை உதறினாள்.

"வல்லாஹி சொன்னியே புள்ள!"

"உம்மா, இப்பவே போவோம். சோப்பு கிடக்கட்டும்."

"எது கிடக்கட்டும்? ரெண்டு வருசம் கண்ண முழிச்சுப் படிச்சது கிடக்கட்டுமா? என் வாயாலதான் என் மவ சீட்டு போச்சுன்னு நான் காலம் பூரா கேக்கணுமா? தனியா நானும் போவ மாட்டேன். ஒம்பது நாள்ல என் வாய் எங்கயும் ஓடிப்போயிறாது. உள்ள போ!"

"அந்த டாக்டர் மொகத்தப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்." ஜுலைஹாவின் குரல் சட்டென்று இறங்கியது. "பாத்துட்டுத்தான் சொல்றேன். எனக்கு ஒண்ணுன்னா அஃபீஃபாவப் பாக்க ஒரு டாக்டர் வேணாமா வீட்டுல? போ, என் தங்கம்ல."

தானே சோதனை அறை வாசலுக்கு எதிரே போய், மடியில் கைப்பையை வைத்து, நகர மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாள். இரத்தினசிங்கம் கதவைச் சாத்தப் போனார். "பிள்ளை, வாறீங்களோ இல்லையோ?"

அஃப்னா உள்ளே போனாள்.

வெள்ளைச் சோப்பு, ஒரு கத்தி, கடைவாய்ப்பல்லின் படம், ஒரு மணி நேரம். விரல்கள் நடுங்கும் என்று எதிர்பார்த்தாள். நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. நான்கு முகடுகளும் நடுவே பள்ளமும் படத்தில் உள்ளபடியே வந்தன. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழுந்து ஓடியிருப்பாள் என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொள்ளப் பார்த்தாள், ஆனால் அதை அவளாலேயே நம்ப முடியவில்லை.

வெளியே வந்தபோது இரத்தினசிங்கம் குனிந்து சொன்னார், "நான் சொன்னதெண்டு சொல்லாதேங்கோ. உங்கட பல்லைத்தான் நல்லதெண்டு தனியா எடுத்து வச்சிருக்கினம்."

ஜுலைஹாவுக்குக் கேட்டுவிட்டது. அவள் கண்கள் சிரித்தன. உதடுகளால் முடியவில்லை.

மருத்துவமனைக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது இரண்டே கால். அறுவைச் சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த காவலாளி, தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "டாக்டர் மாஃபி. பாத் ஈத்" என்றார். டாக்டர் இல்லை, இனிப் பெருநாள் கழித்துத்தான்.

*

திரும்பும் பஸ்ஸில் ஜுலைஹா வெற்றி பெற்றவளைப் போல இருந்தாள். "ஊர்லயே காட்டிக்கலாம் புள்ள. ஆகஸ்டுக்கு இன்னும் ரெண்டு மாசம்தான? இந்தத் தடவ கட்டாயம் போறோம்." பேசிக்கொண்டே பழக்கத்தில் கைப்பைக்குள் விரலை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அஃப்னா அதைப் பிடுங்கவில்லை. உள்ளங்கையை நீட்டினாள். ஜுலைஹா கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துவிட்டு, பொட்டலத்தை அதில் வைத்தாள்.

"வாயத் திறங்க உம்மா."

"பஸ்ஸுல என்ன விளையாட்டு?"

"திறங்க."

ஜுலைஹா முக்காட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு திறந்தாள். அஃப்னா சுட்டுவிரலை வைத்துப் பார்த்தாள்.

"எத்தன?" ஜுலைஹா கேட்டாள். பழைய விளையாட்டில் கேட்கிற அதே குரல், ஆனால் கண் கெஞ்சியது. "ரெண்டு இருக்கும்ல?"

"ஒண்ணு உம்மா. அதுவும் முழுசாப் போகல."

ஜுலைஹா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மலைச் சுரங்கத்துக்குள் பஸ் நுழைந்தபோது இருட்டில் மகளின் கையைத் தேடிப் பிடித்தாள். அந்தக் கை முழுக்கச் சோப்பு வாசனை.

சுரங்கம் தாண்டியதும் போன் அடித்தது. வாப்பா.

"என்னம்மா ஆச்சு? சீட்டு கிடச்சிருமா? காலைலருந்து எனக்கு யாவாரமே ஓடல."

"கிடச்சிரும் போலதான் வாப்பா. கடையப் பூட்டிட்டு புஜைரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு வாங்க. நாங்க பஸ் ஸ்டாண்டுலருந்து நேரா அங்கதான் வர்றோம்."

"பெருநாள் யாவாரம் தலைக்கு மேல கெடக்கு... கடையவா? இப்பவா?"

"இப்ப. உம்மாவுக்கு வாயில புண்ணு. டாக்டர் பாத்துட்டாங்க. ஆகஸ்டு வரைக்கும் தாங்காது வாப்பா."

மறுமுனையில் குளிர்பெட்டியின் இரைச்சல் மட்டும் வந்தது. யாரோ தயிருக்கு விலை கேட்டார்கள். மறுபடியும் கேட்டார்கள்.

"பாய், சாமான அங்கயே வச்சிருங்க" என்று வாப்பாவின் குரல் கேட்டது. "கடை பந்த்."

அதற்குப் பின்னால், கரகரவென்று ஷட்டர் இறங்கியது.