கணுக்கால் குளிர்

அண்ணன் டெஸ் செத்துக் கிடந்த வேனில் சமையல்கட்டு வைக்கப் போகிறேன் என்று கெல்வின் சொன்னபோது, போத்வெல் ஊரில் ஒருவர்கூட நல்ல காரியம் என்று சொல்லவில்லை. டீசல் பிடிக்கப் போன இடத்தில் ஊர்க்காரன் மெர்வ் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கேட்டான்.

"சவப்பெட்டிக்கு எதுக்குடா அடுப்பு?"

"உனக்கு டீ போட்டுத் தரத்தான். வந்து உள்ள உக்காரு."

"நான் எங்க வீட்டுலயே குடிச்சுக்கிறேன்பா."

மெர்வ் சிரித்தான். கெல்வின் சிரிக்கவில்லை. வேன் அவனைவிடக் கொஞ்சம்தான் இளையது. உருண்டை மூஞ்சி, ஒரு பக்கம் தள்ளித் திறக்கும் கதவு. அண்ணனும் தம்பியுமாக ஒரு பண்ணைக் கொட்டகையிலிருந்து கோழி எச்சத்தோடு இழுத்து வந்து, துருவைச் சுரண்டி, குளிருக்காகச் சுவருக்குள் கம்பளி திணித்து, பலகை அடித்து முக்கால்வாசி முடித்திருந்தார்கள். ஹீட்டர் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. அதற்குள் போன குளிர்காலத்தில் ஒருநாள் காலையில் டெஸ் வேனை எடுத்துக்கொண்டு மேட்டு ஏரிக்கு மீன் பிடிக்கப் போனான். மறுநாள் வேறொரு தூண்டில்காரர்தான் அவனைப் பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெஞ்சில் சாய்ந்தவன் அடுப்பின் விஷப்புகையில் செத்து அப்படியே இருந்தான். தற்காலிகமாக வைத்திருந்த அடுப்பின் மேல் ஒரு மண் பூத்தொட்டி கவிழ்த்து வைத்திருந்தது. தரையிலிருந்த காற்றோட்ட ஓட்டைக்குள் அவனுடைய ஒற்றைச் சாக்ஸ் திணிக்கப்பட்டிருந்தது.

பூத்தொட்டியை மன்னித்துவிடலாம். வேனில் குளிர் தாங்காமல் அடுப்பில் தொட்டியைக் கவிழ்த்துக் குளிர்காயாதவர் அந்த ஏரிக்கரையில் யாரும் இல்லை. ஆனால் டெஸ் கேஸ் குழாய் போடுகிறவன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை அதைத்தான் செய்தான். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும், வெளியே போக வழி வேண்டும் என்று கண்டவனை எல்லாம் நிறுத்திப் பாடம் எடுப்பான். அடுத்தவன் வேனில் ஏறினால் வணக்கம் சொல்வதற்கு முன்னால் குனிந்து தரை ஓட்டையைத்தான் பார்ப்பான். ஒருவன் ஓட்டை மேல் கம்பளம் விரித்திருந்ததற்காக அந்தக் கம்பளத்தைச் சுருட்டி ஏரியில் வீசியவன். அப்படிப்பட்டவன் சாக்ஸைக் கழற்றித் தானே அடைத்தான் என்றால் ஊர் என்ன நினைக்கும்? நினைத்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சொன்னது வெர்னா ஒருத்திதான். டெஸ்ஸின் மனைவி. அன்று காலையில் ஏதோ ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை போட்டு, "போ, அங்கேயே கெட, திரும்பி வராத" என்று அவன் முதுகுக்குப் பின்னால் கத்தியவள். அதற்குப் பிறகு வந்த மாதங்கள் முழுக்க அவள் அழுததாக யாரும் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டே நடமாடினாள்.

"நீ அதை முடி கெல்," என்றாள், ஒருநாள் கெல்வினின் கொட்டகை வாசலில் வந்து நின்று. "அவன் போட்ட மாதிரியே முடி. அடுப்பு அந்தப் பக்கம், பெஞ்சு இந்தப் பக்கம். ஓட்டையும் அங்கேயே இருக்கணும்."

"எதுக்கு வெர்னா? இழுத்துட்டுப் போய்ப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம்."

"அந்த ஏரிக்குக் கொண்டுபோய் நான் அதுல உக்காரணும். ஒரு மனுஷன் குளிருக்காக அதை அடைச்சிருக்க முடியுமா, இல்ல என்கிட்டேர்ந்து தப்பிக்கத்தான் அடைச்சானா, எனக்குத் தெரியணும். தெரியாம என்னால அவனுக்காக அழக்கூட முடியல."

கெல்வின் சரி என்று தலையாட்டினான். அவனுக்கும் அதே கேள்விதான் இருந்தது. தன் கூடப் பிறந்தவனைத் தனக்குத் தெரியுமா தெரியாதா என்பது சின்ன விஷயமா?

வேலை நன்றாகத்தான் போயிற்று. மெல்லிய பலகையில் அலமாரி அடித்தான். பாத்திரம் கழுவும் எஃகுத் தொட்டியைப் பதித்து, காலால் மிதித்தால் தண்ணீர் வருகிற பம்பை அதன் கீழே வைத்தான். இரண்டு பர்னர் அடுப்பை உட்கார்த்தி, சிலிண்டர் அறைக்குத் தனிக் கதவு போட்டு, குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. ஹீட்டரை ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் பொருத்தி அதன் புகைக்குழாயை வேனுக்கு வெளியே இறக்கிவிட்டான். விஷப்புகை வந்தால் அலறுகிற கருவி ஒன்றையும் பெஞ்சுக்கு மேலே திருகினான்.

அந்த ஓட்டை மட்டும்தான் தொந்தரவு. அடுப்புக்கு முன்னால், நிற்கிறவனின் கால் படும் இடத்தில், ஒரு டீ கோப்பையின் வாயளவுக்கு இருந்தது. மேலே கம்பி வலை. அதன் அருகில் நின்றால் கணுக்காலில் குளிர் பட்டது. காற்று என்று சொல்ல முடியாது. யாரோ மிகப் பக்கத்தில் குனிந்து மூச்சு விடுவது போல, விட்டு விட்டு வந்தது. வேன் நின்றிருந்ததோ நான்கு பக்கமும் அடைத்த கொட்டகைக்குள். கெல்வின் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி ஓட்டையின் வாயருகே பிடித்தான். சுடர் ஆடாமல் நின்று எரிந்து விரலைச் சுட்டது. மூச்சு அப்போதும் அவன் கணுக்காலில் பட்டுக்கொண்டுதான் இருந்தது.

வயதாகிவிட்டது, ரத்த ஓட்டம் குறைந்திருக்கும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டான். தடித்த சாக்ஸ் போட்டுப் பார்த்தான். குளிர் அதற்குள்ளும் வந்தது.

பிறகு துணி வர ஆரம்பித்தது. ஒருநாள் கொட்டகை மூலைக்குத் திருகாணி எடுக்கப் போய்த் திரும்பினால், கம்பி வலை கழன்று ஓரமாகக் கிடக்க, ஓட்டைக்குள் அவன் கை துடைக்கிற பழந்துணி. எலி இழுத்திருக்கும் என்று எடுத்துப் போட்டான். எலி வலையைக் கழற்றுமா என்ற எண்ணம் அப்புறம்தான் வந்தது. அடுத்த முறை கையுறை. அதற்கடுத்து பலகை தேய்க்கிற உப்புத்தாளைச் சுருட்டித் திணித்திருந்தது. ஒவ்வொன்றும் இறுக்கமாக, விளிம்பை உள்ளே மடித்து, இனி ஒரு பொட்டுக் காற்றும் வராது என்கிற மாதிரி அடைத்திருந்தது. அடைத்த கை அக்கறையுள்ள கை. 

கெல்வின் மெர்விடம் போய்ச் சண்டை பிடித்தான். "உன் கோமாளித்தனத்தை என்கிட்ட வெச்சுக்காத. செத்தவன் விஷயம்."

மெர்வின் முகத்தில் கிண்டல் போய்விட்டது. "நான் அந்தக் கொட்டகைப் பக்கமே வரலடா. சத்தியமா. நீ பூட்டிட்டுத்தானே வேலை செய்யற?"

ஆமாம், உள்ளிருந்து பூட்டிக்கொண்டுதான் வேலை செய்தான். வெர்னாவிடம் கேட்டான். அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "எனக்கு வேற வேலை இல்லையா? நான் அதைத் தொட்டுக்கூடப் பாக்கல கெல். பாக்கவும் பயமா இருக்கு." பொய் சொல்லத் தெரியாதவள். வாயில் வந்ததை அப்படியே கொட்டிவிடுகிறவள் என்று ஊருக்கே தெரியும்.

வேலை முடிந்த வாரத்தில் மூடுபனி இறங்கியது. அதுவும் நல்லதுதான் என்றாள் வெர்னா. டெஸ் போன நாளிலும் பனிதான். காலையில் ஸ்காலப் சிப்பிக் கறி அடைத்துச் சுட்ட பண்டமும் பிளாஸ்கும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். மேட்டு ரோட்டில் ஏற ஏற, இலையில்லாத வெள்ளை மரங்கள் ஒன்றொன்றாகப் பனிக்குள்ளிருந்து வந்து பின்னால் போயின.  மதியத்துக்குள் ஏரிக்கரையில், அதே இடத்தில், தண்ணீரைப் பார்த்தபடி வேன் நின்றது. அலை இல்லை. ஒரு புல்கூட அசையவில்லை.

ஹீட்டர் சொன்னபடி கேட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளே கதகதப்பாகிவிட்டது. வெர்னா பெஞ்சில், அவன் கடைசியாக உட்கார்ந்திருந்த மூலையில், மேலங்கியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். டீக்கு அடுப்பில் கெட்டிலை ஏற்றினார்கள்.

"குளிரே இல்லையே கெல்," என்றாள். குரல் உடைந்தது. "சுடச்சுடல்ல இருக்கு."

"அன்னைக்கு ஹீட்டர் இல்லயே வெர்னா."

"பூத்தொட்டி இருந்துச்சே. அதுவே போதும்னுதான் அவன் எல்லாருக்கும் சொல்லுவான். அப்புறம் எதுக்கு ஓட்டையை அடைச்சான்? சொல்லு. நீயும் அதைத்தானே நெனச்ச? வாயைத் தொறந்து சொல்லேன், உன் அண்ணன் என்னைப் பிடிக்காமத்தான் போனான்னு."

 ஹீட்டரின் புகைக்குழாயை எதுவும் அடைத்திருக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று சாக்குச் சொல்லிக் கெல்வின் இறங்கினான். குழாய் சுத்தமாக இருந்தது. பனியில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டான். அவனுக்கு அண்ணன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஒரு வார்த்தை எழுதி வைத்துவிட்டாவது போயிருக்கலாமே பாவி.

கதவைத் தள்ளித் திறந்தபோது வெர்னா அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள்.

"கதவைச் சாத்து. உனக்குச் சர்க்கரை ஒண்ணா, ரெண்டா? எனக்கு எப்பவும் மறந்துடுது."

அவன் கதவைச் சாத்தினான். அவள் முகம் சாதாரணமாக இருந்தது. பேச்சும் சாதாரணமாக இருந்தது. அவளுடைய கைகள் மட்டும் கீழே தனியாக வேலை செய்துகொண்டிருந்தன. கம்பி வலையைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். கழுத்திலிருந்த கம்பளிச் சால்வையை ஓட்டைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்து, விளிம்பை விரலால் உள்ளே மடித்து, தட்டி, மறுபடி மடித்து, அடைத்துக்கொண்டிருந்தாள்.

"வெர்னா."

"ரெண்டுதானே?"

"வெர்னா, உன் கையைப் பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். கை நிற்கவில்லை. இன்னும் இரண்டு மடிப்பு மடித்த பிறகுதான் நின்றது. கையை எடுத்து, வேறு யாருடையதோ என்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நானா?" என்றாள். "நான் எப்ப எழுந்தேன்? நான் பெஞ்சுலல்ல இருந்தேன்."

கெல்வினுக்குக் கொட்டகை ஞாபகம் வந்தது. பழந்துணி. கையுறை. உப்புத்தாள். உள்ளிருந்து பூட்டிய கதவு. எல்லாமே தன் கைதான் என்று புரிந்தபோது பிடரி மயிர் சிலிர்த்தது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நடந்ததை எல்லாம் சொன்னான். தீக்குச்சியின் சுடர் ஆடாததையும் சொன்னான்.

வெர்னா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் முகம் கோணியது. இத்தனை மாதம் பூட்டி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. அவன் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு, ஊளையிடுவது போல அழுதாள்.

"அவன் என்னை விட்டுட்டுப் போகல. கெல், கை அடைச்சது அவனுக்கே தெரியாது. தெரியவே தெரியாது அவனுக்கு."

"தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா அவன் அடைப்பானா?"

"நான் அவனை எப்படித் திட்டினேன் தெரியுமா? படுக்கையில, குளிக்கறப்ப, கடைக்குப் போறப்ப. செத்தவனை விடாம திட்டினேன்."

"அவன் பழகினவன். விடு."

அழுகைக்கு நடுவில் அவள் சிரித்தாள். இருவரும் அப்படியே இருந்தார்கள். இதமாக இருந்தது. கெல்வினுக்கு நெடுநாள் கழித்து மனம் லேசாக இருந்தது, கண் சொக்கியது. கிளம்ப வேண்டும் என்று தோன்றவே இல்லை. கெட்டில் கீழே இறக்கி வைத்திருந்தது. யார் இறக்கியது என்று அவன் சோம்பலாக யோசித்தான். அடுப்பு அணையாமல் வெறுமே எரிந்தது. சற்று முன் நீலமாக இருந்த சுடர் இப்போது மஞ்சளாக, நீளமாக, ஆடாமல் நின்றது.

மஞ்சள் சுடர். டெஸ் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தது அது: மஞ்சளானால் காற்றுப் போதவில்லை, ஓடு.

கெல்வின் எழ முயன்றான். வலது கால் எழவில்லை. குனிந்து பார்த்தான். அடைத்த சால்வையின் மேல், ஓட்டையை முழுக்க மூடியபடி, அவனுடைய பூட்ஸ் கால் அழுந்த ஊன்றியிருந்தது. அவனே தன் முழுப் பலத்தோடும் அதை அமுக்கிக்கொண்டிருந்தான்.

இரண்டு கையாலும் தன் காலைப் பிடித்துத் தூக்கினான். அடுப்பின் குமிழை அணைத்தான். அப்போதுதான் மேலே இருந்த கருவி அலறத் தொடங்கியது. கதவை உதைத்துத் தள்ளி, வெர்னாவின் அக்குளுக்கடியில் கையைக் கொடுத்து, இருவருமாகச் சரளைக் கல்லில் போய் விழுந்தார்கள். குளிர் காற்று நெஞ்சில் கத்தி மாதிரி இறங்கியது. அதைப்போல ருசியான ஒன்றைக் கெல்வின் வாழ்நாளில் குடித்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நின்றார்கள். வேன் பத்தடி தள்ளி, கதவை விரியத் திறந்துகொண்டு நின்றது. கருவியின் அலறல் தானாக ஓய்ந்தது. ரோட்டுக்கு ஏறி யாராவது வருகிறார்களா பார்க்கலாம் என்றான் கெல்வின். வெர்னா நடந்தாள். பிறகு நின்று கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"என் சால்வை."

கெல்வின் வேனைப் பார்த்தான். திரும்பி அதற்குள் காலை வைக்க முடியும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஆனாலும் கேட்டான், "போய் எடுத்துட்டு வரட்டுமா?"

அவள் திறந்திருந்த கதவுக்குள் இருந்த இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் பயம் இல்லை. காலையில் வேலைக்குப் போகிறவனை வாசலில் நின்று பார்க்கிறவளின் முகம் அது.

"வேண்டாம், இருக்கட்டும்," என்றாள். "அவனுக்குக் குளிருது."