‘லிஃப்ட்’ என்று பெயரிட்ட கோட்டு

மனைவியின் அலமாரியை அடித்தட்டு வரைக்கும் துழாவியாயிற்று. கைக்கு வந்ததெல்லாம் ஒரே மாதிரி சாம்பல் நிறச் சட்டைகள், ஒரே மாதிரி கருநீலக் கால்சட்டைகள். வெளுத்துப் போனதில்தான் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம். அறை வாசலில் இறுதி ஊர்தி நிறுவனத்து ஆள் கைகட்டி நின்றுகொண்டிருந்தான். ஒரு ஜோடி உடுப்பு கொடுத்தால் போதும், உடுத்தி, மதியத்துக்குள் உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். மறுநாள் காலையில் தகனம்.

“அவசரமில்ல சார். நல்லதா ஒண்ணு பாத்துக் குடுங்க.”

“இதுல நல்லது எது?” என்று அவன் கேட்டான். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான்.

வாழ்க்கை முழுக்க உடுப்பு வடிவமைத்தவளின் புருஷன் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அவர்கள் குடும்பம் நடந்த விதம் அப்படி. அவன் லிஃப்ட் மெக்கானிக். வாசல் மிதியடியிலேயே அவன் கிரீஸையும் அவள் நூல்பிசிறையும் உதறிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். உள்ளே வந்தால் சாப்பாடு, சீட்டாட்டம், பக்கத்து வீட்டுக்காரரின் கிளாரினெட் பற்றிய புகார். வேலையைப் பற்றிப் பேசுவதில்லை என்று யாரும் சத்தியம் செய்துகொள்ளவில்லை. இருவருக்கும் அது சௌகரியமாக இருந்தது, அவ்வளவுதான்.

முந்தைய நாள் அவள் வேலையிடத்தில், ஒரு பெண்ணுக்குக் கோட்டு போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது, மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்தது. மருத்துவமனைக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. வயது நாற்பத்தாறு.

அவளுடைய அக்கா ஒரு பையோடு அறைக்குள் வந்தாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். துக்கத்திலும் குரல் பின்சீட்டு வரைக்கும் கேட்கும். பையிலிருந்து பூவேலை செய்த ஊதாப் பட்டு உடுப்பை எடுத்துக் கட்டில் மேல் பரப்பினாள்.

“இதைக் குடுங்க மாப்பிள்ளை. ஊருக்கெல்லாம் உடுத்திவிட்டவ, கடைசியில வெளுத்த சட்டையோடயா போவா?”

அவன் பட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் சட்டையையும் எடுத்து வைத்தான். அந்த நேரத்தில்தான் மாஸ்டர் உள்ளே வந்தாள். அவன் மனைவியின் வரைபடங்களைத் துணியில் வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் அந்தப் பெண்மணி. அறுபதை நெருங்கிய கட்டையான உருவம், அழுது வீங்கிய கண்கள். பட்டைப் பார்த்தாள், சாம்பல் சட்டையைப் பார்த்தாள்.

“தம்பி, நான் குறுக்க பேசறேன்னு நினைக்காதீங்க. அவகிட்ட நான் ஒருநாள் கேட்டேன், ஏண்டி இப்படி அழுக்குக் கலர்லயே வரேன்னு. ‘நான் என்னத்தப் போட்டிருக்கேன்னு யாராவது பாத்தா, அந்த நேரத்துல நான் அவங்களைப் பாக்க முடியாதே’ன்னா.”

அக்கா கொஞ்ச நேரம் பட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு மடித்துப் பைக்குள் வைத்தாள். அவன் இருப்பதில் வெளுக்காத சட்டையை எடுத்துத் தானே இஸ்திரி போட்டுக் கொடுத்தான்.

மதியத்துக்கு மேல் வீடு நிறைந்துவிட்டது. முன்னறையில் அவள் கிடந்தாள். உறவுக்காரர்கள் சுவரோரம் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாறு நெட்டைப் பெண்கள் வந்து நின்றபோது அறையே கொஞ்சம் தாழ்ந்துவிட்டது போலிருந்தது. விளக்குத் தொங்கலில் தலை இடிக்காமல் இருக்க ஒருத்தி கழுத்தைச் சாய்த்தே நின்றாள். எங்கே உட்காருவது, கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று எவருக்கும் தெரியவில்லை. ஆயிரம் பேர் பார்க்க மேடையில் நடக்கிற மாடல்கள், இந்தப் பத்துப் பேர் முன்னால் திண்டாடினார்கள்.

அவர்களில் எல்லாரையும் விட உயரமானவள் அவனிடம் வந்தாள். இருபது வயது இருக்கும்.

“அண்ணா, நேத்து சித்தி கூட இருந்தது நான்தான்.”

“சித்தியா?”

“நாங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். திட்டறதுக்கும் ஆளு, சாப்பிட்டியான்னு கேக்கறதுக்கும் ஆளு. அதான் சித்தி.”

அவனுக்கு இது புதிது. வீட்டில் அவள் யாரையும் திட்டியதில்லை. சீட்டாட்டத்தில் தோற்றால்கூட உதட்டைக் கடித்துக்கொள்வாளே தவிர ஒரு வார்த்தை வராது.

“எப்படித் திட்டுவா?”

பெண் தயங்கினாள். “இந்த நேரத்துல...”

“சொல்லும்மா. எனக்குத் தெரியணும்.”

“‘ஏண்டி, காத்தடிச்ச கொடிக்கம்பம் மாதிரி நிக்கறே? நீ பஸ்ஸுக்கு லேட்டாயிட்ட. பையில சில்லறை தேடறே. இப்ப நட’ம்பாங்க. எங்களை எல்லாம் முதல்ல ஏதாவது வேலை செய்யச் சொல்லித்தான் நடக்க விடுவாங்க. பெட்டி தூக்கு, குழந்தையை இடுப்புல வெச்சுக்கோ, செருப்பு வாரை மாட்டு.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சாவு வீட்டில் சிரிக்கிறோமே என்று சுற்றிலும் பார்த்தான். யாரும் கவனிக்கவில்லை.

“நேத்து என்ன சொன்னா?”

“கையை மேல தூக்குன்னாங்க. தூக்கினேன். இன்னும், இன்னும்னாங்க. வாயில குண்டூசி இருந்ததால பல்லு இடுக்குல பேசினாங்க. அப்புறம் ‘ஆ, ஏறல’ன்னு சந்தோஷமா சொன்னாங்க. ஊசியை எல்லாம் கையில துப்பிட்டு ஸ்டூல்ல உக்காந்தாங்க. அவ்வளவுதான் அண்ணா.”

“எது ஏறல?”

“கோட்டு. கையைத் தூக்கினா கோட்டு மேல ஏறக்கூடாது. ‘லிஃப்ட்’டுக்கு அதுதான் முக்கியம்னு நாலு மாசமா...” பெண் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

“எந்த லிஃப்ட்?”

பதில் வருவதற்குள் வாசலில் ஒரு சலசலப்பு. மேடம் வந்துவிட்டாள். அவன் மனைவி வேலைபார்த்த நிறுவனத்தின் சொந்தக்காரி. பெரிய கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற உடுப்புகளில் இவள் பெயர்தான் இருக்கும். மேடம் நேராகப் போய்ச் சடலத்தின் நெற்றியில் கை வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. சாம்பல் சட்டையின் காலர் மடிந்திருந்ததை நீவிவிட்டாள். பிறகு அவனைச் சமையலறைப் பக்கம் தனியாகக் கூப்பிட்டாள். மாஸ்டரும் கூடவே வந்தாள்.

“இப்போ பேசற விஷயமில்ல. ஆனா நாளன்னைக்கு ஷோ. எனக்கு வேற வழியில்ல.”

அந்த ஷோவைப் பற்றி அவனுக்குத் தெரியும். போன வருஷம் ஒருநாள் அவள் வீட்டுக்கு வந்து, உட்காராமல் நின்றபடியே சாப்பிட்டாள். என்ன என்று கேட்டான். “என் பேரைப் போடறாங்க” என்றாள். எங்கே என்றான். “கழுத்துக்குப் பின்னால, உள்பக்கம்” என்று சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் சோறு புரையேறிவிட்டது. அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. அந்த இடத்துக்கு வர அவள் பட்ட பாடு மாஸ்டருக்குத்தான் தெரியும். கடை ஜன்னல் பொம்மைகளுக்கு உடுப்பு மாட்டும் வேலையில் தொடங்கியவள். பொம்மைக்கு வலிக்காது, அதனால் அதற்கு எதைப் போட்டாலும் அழகாகத்தான் இருக்கும் என்று சொல்லி அந்த வேலையை விட்டாள். பிறகு வெட்டும் மேஜை. பிறகு மேடத்தின் வலதுகை. அவள் வரைந்தது பத்து வருஷம் மேடத்தின் பெயரில் நடந்தது. இரண்டு முறை தன் பெயரில் ஒரு தொகுப்பு கேட்டு, இரண்டு முறையும் இல்லை என்று கேட்டு, மூன்றாம் முறை கிடைத்தது.

“பெரிய கடைக்காரங்க வருவாங்க,” என்றாள் மேடம். “துணி நல்லா இருக்குன்னு மட்டும் வாங்க மாட்டாங்க. அடுத்த சீசனுக்கு இவங்ககிட்டயிருந்து என்ன வரும்னு கேப்பாங்க. இல்லாதவங்க பேர்ல யாரும் ஆர்டர் குடுக்க மாட்டாங்க. என் கம்பெனி பேர்ல போட்டுட்டா உடுப்பாவது வெளிய போகும். மேடையில அவளைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுவேன். உங்களைக் கேக்காம செய்ய மனசு வரல.”

மாஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் யோசித்தான். எந்த லிஃப்ட்டையும் திறந்து பார்க்காமல் பழுது என்ன என்று சொல்கிற வழக்கம் அவனுக்கு இல்லை.

“நான் இன்னும் அதைப் பாக்கவே இல்லையே,” என்றான். “பாக்கலாமா?”

“எதை?”

“அவ செஞ்சதை.”

உடுப்புகள் வாசலிலேயே இருந்தன. ஷோ நடக்கிற மண்டபத்துக்குப் போகிற வழியில்தான் வேனை இங்கே நிறுத்தியிருந்தார்கள். மாஸ்டர் இரண்டு கைகளிலும் உறை போட்ட உடுப்புகளைச் சுமந்து உள்ளே வந்தபோது அக்கா வழிமறித்தாள்.

“என்ன மாப்பிள்ளை இது? சாவு வீட்டுல ஃபேஷன் ஷோவா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?”

“நாலு பேருக்கும் தெரியாது அக்கா, எனக்கும் தெரியாது. இவ்வளவு நாள் அவ அங்க என்னதான் செஞ்சான்னு உங்களுக்குத் தெரியுமா?”

அக்கா ஒதுங்கி வழிவிட்டாள்.

“தொங்கவிட்டா ஒண்ணும் புரியாது,” என்றாள் மாஸ்டர். “யாராவது போட்டு நடக்கணும்.”

சமையலறையிலிருந்து முன்னறை வரைக்கும் ஒரு நடைவழி. அதிகம் போனால் பத்தடி. அவனே செருப்புகளையும் துணிக்கூடையையும் ஒதுக்கினான். நெட்டைப் பெண்கள் படுக்கையறைக்குள் போய் மாற்றிக்கொண்டு வந்தார்கள். உறவுக்காரர்கள் நாற்காலிகளைத் திருப்பவில்லை. தலையை மட்டும் திருப்பினார்கள்.

முதலில் வந்தவள் அகலமான கால்சட்டையும் குட்டை மேல்சட்டையும் அணிந்திருந்தாள். முன்னறை வரைக்கும் வந்தவள், காலி நாற்காலி ஒன்றில் தொப்பென்று உட்கார்ந்து, எழுந்து, திரும்பினாள். பின்பக்கம் ஒரு சுருக்கம்கூட இல்லை.

“இது பேரு ‘அக்கா’,” என்றாள் மாஸ்டர்.

“யாரு?” என்றாள் அக்கா.

“பேப்பர்ல நம்பர் இருக்கும். ஆனா எங்களுக்குள்ள எல்லாத்துக்கும் ஒரு பேரு. இது எட்டு மணி நேரம் பஸ் ஓட்டிட்டு இறங்கற ஒருத்தருக்காக. பாக்கெட்டைப் பாருங்க, பக்கவாட்டுல இல்ல, தொடை மேல. உக்காந்துகிட்டே கை விடலாம்.”

அக்கா எழுந்து அந்தப் பெண்ணிடம் போனாள். கேட்காமலே பாக்கெட்டுக்குள் கையை விட்டாள். ஆழமாகத்தான் இருந்தது, மணிக்கட்டு வரைக்கும் போயிற்று. கையை அங்கேயே வைத்துக்கொண்டு, “சனியனே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல” என்று முன்னறையைப் பார்த்துச் சொன்னாள். அதுவரை அழாமலிருந்தவள் அப்போதுதான் அழுதாள்.

அடுத்தது ‘கிளாரினெட்’. நெஞ்சு விரிய மூச்சு இழுத்தாலும் இறுக்கிப் பிடிக்காத ஒரு சட்டை. பக்கத்து வீட்டுக்காரர் மூலையில் உட்கார்ந்திருந்தார். தன் வாத்தியத்தின் பெயரைக் கேட்டதும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து நின்றுவிட்டார்.

கடைசியாக எல்லாரையும் விட உயரமானவள் வந்தாள். கரும்பச்சைக் கோட்டு. முழங்கால் வரை. ஒரு கையின் ஓரத்தில் மட்டும் குண்டூசிகள் இன்னும் வரிசையாகக் குத்தியிருந்தன. முந்தைய நாள் அவன் மனைவி விட்ட இடம். பெண் அவன் முன்னால் வந்து நின்றாள். யாரும் சொல்லாமலே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள், கூரையில் எதையோ திருகுகிறவள் போல. ஒரு காலை மடக்கி, தோளைச் சாய்த்து, முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த நிலை அவனுக்குத் தெரியும். லிஃப்ட் குழிக்குள் இறங்கி, மேலே இருக்கிற போல்ட்டை முடுக்கும்போது, எண்ணெய் முகத்தில் சொட்டாமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொள்வது அப்படித்தான். அவள் எப்போது பார்த்தாள்? கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குழியின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

கோட்டின் கீழ்விளிம்பு இருந்த இடத்திலிருந்து அசையவில்லை. அவன் கிட்டே போய்க் குனிந்து பார்த்தான். அக்குளில் ஒரு சின்ன சதுரத் துணி, மூலை கீழே பார்க்கிற மாதிரி வைத்துத் தைத்திருந்தது.

“இதுதானா விஷயம்?” என்றான் மாஸ்டரிடம்.

“அதேதான். பதினேழு தடவை பிரிச்சுத் தைக்க வெச்சா, படுபாவி.”

அவன் இன்னும் கொஞ்சம் குனிந்தான். “இங்க மட்டும் துணியோட இழை குறுக்க ஓடுது. ஏன்?”

மாஸ்டர் விளக்கினாள். அவன் மேலும் கேட்டான். சடலம் கிடந்த அறையில் இருவரும் ஒரு கோட்டின் அக்குளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கை தூக்கிய பெண் தூக்கியபடியே நின்றாள். மேடம்தான் கடைசியில் தொண்டையைச் செருமினாள்.

அவன் நிமிர்ந்தான்.

“பேரு அவ பேராவே இருக்கட்டும் மேடம்.”

“அடுத்த சீசன் கேப்பாங்களே. நான் என்ன சொல்றது?”

“கிடையாதுன்னு சொல்லுங்க. இந்த ஒண்ணுதான்னு சொல்லுங்க.”

“அப்படி யாரும் வித்ததில்லங்க.”

“வித்துப் பாருங்களேன். என்ன ஆகுதுன்னுதான் பாக்கலாமே.”

அவன் சவால் விடவில்லை. ஒரு புது வகை மோட்டாரைப் பற்றிக் கேட்கிறவனின் குரல்தான் அது. மேடம் அவனைப் பார்த்தாள். பிறகு முன்னறையில் சாம்பல் சட்டையோடு கிடந்தவளைப் பார்த்தாள்.

“இவளும் இதையேதான் சொன்னா, மூணாவது தடவை கேக்கும்போது,” என்றாள். “என்ன ஆகுதுன்னு பாக்கலாம்னு.” கைப்பையை எடுத்துக்கொண்டு, பெண் இப்போது தாழ்த்தியிருந்த கைகளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனாள்.

உடுப்புகள் அவள் பெயரிலேயே மேடை ஏறியதும், பெரிய கடைக்காரர்கள் மேடம் சொன்னபடியே கைவிரித்ததும், சின்னக் கடைகள் சில எடுத்துக்கொண்டதும், ‘லிஃப்ட்’ எங்கே கிடைக்கும் என்று கேட்டு மாஸ்டருக்கு ரொம்ப நாள் வரைக்கும் ஆட்கள் போன் செய்ததும் பிறகு நடந்தவை. அன்று மாஸ்டர் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கோட்டின் கை ஓரத்தைத் தைத்து முடித்தாள். அக்கா அவளுக்கு விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள்.

மறுநாள் காலை, தகனக் கூடத்தில் கூட்டம் அதிகமில்லை. பெட்டியைத் தண்டவாளத்தின் மேல் வைத்துவிட்டு எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள். வயதான ஊழியர் ஒருவர் முன்னால் வந்து, உலையின் இரும்புக் கதவுச் சங்கிலியை எட்டிப் பிடித்து இழுத்தார். கதவு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. கப்பியில் எண்ணெய் இல்லை, கிறீச்சிட்டது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அவன் கண் அந்தக் கப்பியின் மேல்தான் போயிருக்கும்.

ஒவ்வொரு இழுப்புக்கும் அந்த மனிதரின் காக்கிச் சட்டை இடுப்பிலிருந்து பிதுங்கி மேலே ஏறியது. அவர் ஒரு கையால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சட்டையைக் கால்சட்டைக்குள் திணித்தார். மறுபடி இழுத்தார். மறுபடி ஏறியது. மறுபடி திணித்தார்.

“மாப்பிள்ளை,” என்று அக்கா மெதுவாக அவன் முழங்கையைத் தொட்டாள். “கதவைத் திறந்தாச்சு.”

“ம்,” என்றான். அவன் இன்னும் அந்தச் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.