உட்காரும் உயரம்

மத்தியானம் பாசாரிலிருந்து மீனும் கீரையுமாகப் பதினோராவது மாடிக்கு ஏறிவந்து கதவைத் திறந்த ரோசலின் முதலில் பார்த்தது தரையெல்லாம் சிந்திக்கிடந்த மரத்தூளை. அடுத்து, சன்னலோரம் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்த நாலு கட்டைத் துண்டுகளை. ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம் இருக்கும். மூன்றாவதாகத்தான் அவளுடைய தையல் ஸ்டூல் கண்ணில் பட்டது. குட்டையாகிப்போய் நடுவீட்டில் நின்றது. அதன்மேல் அவள் புருஷன் சூசை, சாரோங்கை முட்டிக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஜெபத்தில் இருப்பவனைப்போல உட்கார்ந்திருந்தான். காலடியில் ரம்பம்.

"ரெண்டு இன்ச்சுதான் ரோசி," என்றான், கண்ணைத் திறக்காமலே.

அவனுக்கு முன்னால் நின்றதைக் கித்தார் என்று சொன்னால் பார்க்காதவர்கள் நம்பமாட்டார்கள். நாலு காலில் நிற்கும் ஒடுக்கமான மேசை அது. மேலே பத்துக் கம்பி, கீழே மூன்று பெடல், மேசைக்கு அடியில் முட்டியால் தள்ளுவதற்கென்று தொங்கும் இரும்புகள். இடது கால் மிதிக்க வேண்டும், முட்டி தள்ள வேண்டும், வலது கால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும், கை இரண்டும் மேலே தனியாகப் பாடுபட வேண்டும். பட்டர்வொர்த் விமானத் தளத்தில் இருந்த கீத் என்ற ஆஸ்திரேலியாக்காரன் ஊருக்குத் திரும்பும்போது சூசைக்கு விற்றுவிட்டுப் போனது. கீத் ஆறடி நாலு அங்குலம். துறைமுக ஆபீசில் கிளார்க்காக இருக்கும் சூசை, சப்பாத்தோடு சேர்த்து ஐந்தடி மூன்று.

அன்றைக்குப் பிடித்தது சனி. உட்காரும்படியான சாமான் எதுவும் அந்த வீட்டில் இந்த ஆறு மாதத்தில் நிம்மதியாக இருந்ததில்லை. சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் கை சௌகரியமாக இருந்தது, குதிங்கால் அந்தரத்தில் தொங்கியது. குதிங்கால் தரையில் ஊன்றாமல் பெடலை அளவாக மிதிக்க முடியாதாம். பிஸ்கட் டின்னில் உட்கார்ந்தால் குதிங்கால் ஊன்றியது, தோள்பட்டை காதுக்கு ஏறியது. பிரம்பு நாற்காலி, கோப்பிக்கடையில் கெஞ்சி வாங்கிவந்த முக்காலி, குப்புறக் கவிழ்த்த சோடாப் பெட்டி, அதன்மேல் தலையணை, தலையணை மேல் டெலிபோன் டைரக்டரி. ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் உட்கார்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "இது சரிவராது லா" என்பான். ரோசலினுக்கு அந்த "சரிவராது"வைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். சோறு வடிக்கும்போதும் அதைத்தான் கேட்டாள், ஜெபமாலை சொல்லும்போதும் அதைத்தான் கேட்டாள். போன சனிக்கிழமை பத்து ஃபெரிங்கிக் கடற்கரையில் இருக்கும் ஹோட்டலில் முதல்முதலாக மேடையேறியவன், இரண்டாவது பாட்டில் தொடையில் நரம்பு இழுத்து, வெள்ளைக்காரக் கூட்டத்துக்கு முன்னால் ஒற்றைக் காலில் எழுந்து நின்றுவிட்டான். பேண்டு நடத்தும் அப்துல் ஹமீது மறுநாள் கோயில் வாசலுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனான்: "அண்ணே, இன்னும் ஒரு சனிக்கிழமை. அதுக்கப்புறம் நான் கீபோர்டுக்கு ஆள் போட்டுக்கிறேன். கோவிச்சுக்காதீங்க."

அந்த இன்னும் ஒரு சனிக்கிழமை இன்றைக்குத்தான். நாலு மணிக்கு வேன் வரும்.

அதெல்லாம் ரோசலினுக்குத் தெரியும். அவனுக்காக மாதாவிடம் வேண்டிக்கொண்டும் இருந்தாள். ஆனால் ஸ்டூல் அவளுடையது. பதினாலு வருடத்துக்கு முன் வாங்கிய புதிதில், அட்டையும் ரப்பருமாக வைத்து வைத்துப் பார்த்து, ஒரு மாதம் அல்லாடி, இடுப்பு வலிக்காத அந்த உயரத்தைக் கண்டுபிடித்திருந்தாள். நாளைக் காலைப் பூசையில் முதல் நன்மையாகத் திருஅப்பம் வாங்கும் பிள்ளைகளுக்கு எட்டு வெள்ளைச் சட்டை. மூன்றுக்கு இன்னும் விளிம்பு அடிக்கவில்லை. மீன் பையைத் தொட்டியில் போட்டுவிட்டு, அவனை எழுப்பி, ஸ்டூலைத் தையல் மிஷினுக்கு முன் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மிஷின் அவள் நெஞ்சுக்கு வந்தது. முழங்கையைத் தூக்கினால்தான் துணியைப் பிடிக்க முடிந்தது. அவளுக்கு அழுகைதான் முதலில் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"கேக்கணும்னு தோணலயா?"

"நீ பாசாருக்குப் போயிட்ட. வேற ஸ்டூல் வாங்கித் தரேன் ரோசி."

"சரி, வெட்டினீங்களே. இப்பவாவது சரியா இருக்கா?"

சூசை கட்டைத் துண்டுகளைப் பார்த்தான். "குதிங்கால் படுது. ஆனா தோள்பட்டை..."

"ஏறுது."

"ஆமா."

அவளுக்கு வந்த கோபத்தில் சிரித்துவிட்டாள். "அந்தக் கித்தாரை எறக்குங்களேன். கால்ல திருகு இருக்கு. கூட்டும்போது தெனம் பாக்கிறேன்."

"ஐயோ, அதைத் தொடக்கூடாது. மிஸ்டர் கீத் செட் பண்ணிக் குடுத்தது. தொடாதேன்னு சொல்லியிருக்காரு."

கீத் தொடாதே என்றது அடியில் சுருதி கூட்டும் திருகுகளை. சூசை அதைப் பயபக்தியோடு எல்லாத் திருகுக்கும் சேர்த்து வைத்துக்கொண்டான்.

"என் ஸ்டூல் காலை வெட்டலாம். அந்த ஆறடி ஆளு முடுக்கின திருகைத் திருப்பக்கூடாது. அப்படியா?" குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும் என்றுதான் இருந்தது. "டாக்டர்கிட்ட கேட்டீங்க. ஹமீதுகிட்ட கேட்டீங்க. கோப்பிக்கடைக்காரன்கிட்டகூட கேட்டீங்க. நான் பத்து வருசம் தையல் ஃபேக்டரில எதுல லா உக்காந்திருந்தேன்? காலுக்குப் பெடலு, முட்டிக்கு இரும்பு, எட்டு மணி நேரம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

சூசைக்கு உண்மையில் அது தோன்றவே இல்லை. அந்த ஃபேக்டரிக்கு ஒருநாள் அவளைக் கூப்பிடப் போயிருக்கிறான், கேட்டுக்கு வெளியே நின்றே கூப்பிட்டு வந்திருக்கிறான்.

ரோசலின் தரையில் உட்கார்ந்தாள். ஒரு வெட்டுத்துணியைச் சுற்றிப் பிடித்து முதல் காலின் திருகை முறுக்கினாள். அது அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை முறுக்க, கறகறவென்று இளகியது. சூசை நெஞ்சில் கைவைத்துக்கொண்டான். நாலு காலையும் ஒரே அளவு இறக்கி, அளவு நாடாவை வைத்துச் சரிபார்க்க முக்கால் மணி நேரம் ஆனது. பெடல்கள் தரைக்குக் கிட்டே வந்திருந்தன. ஸ்டூலைத் தூக்கிவந்து போட்டு அவளே உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்க. சாமானுக்கு நடுவுல உக்காரக்கூடாது. பெடலுக்கு நேரா உக்காரணும். குதிங்காலைத் தூக்காதீங்க, கணுக்கால் மட்டும் சாயணும். முட்டி ரெண்டு இரும்புக்கும் நடுவுல சும்மா இருக்கணும், முட்டிக்கிட்டு இருக்கக்கூடாது."

அவள் மிதித்தாள். கம்பியை மீட்ட ஆளில்லாததால் ஒன்றும் கேட்கவில்லை. சூசை எட்டி ஒரு கம்பியைத் தட்டினான். அவள் கால் இறங்க இறங்கச் சத்தம் வழுக்கிக்கொண்டு மேலே ஏறி ஓர் இடத்தில் நின்றது. ரோசலின் காலை எடுத்தாள், அது இறங்கிவந்தது. இத்தனை வருடமாகத் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தவளுக்கு, மிதித்தால் இப்படி ஒன்று வரும் என்பது புதிதாக இருந்தது.

கீழே வேன் ஹாரன் அடித்தது.

சூசை அவசரமாகக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான், தலையைச் சீவினான், பையை எடுத்துத் தோளில் போட்டான். "எந்திரி ரோசி. கித்தாரைக் கழட்டணும், ஸ்டூலையும் ஏத்தணும்."

அவள் முட்டியை மெல்ல இடதுபக்கம் சாய்த்து இரும்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னொருக்கா தட்டுங்க."

"ஹமீது காத்துக்கிட்டு இருக்கான்மா."

"தட்டுங்க."

பையைத் தோளில் வைத்துக்கொண்டே அவன் குனிந்து கம்பியைத் தட்டினான். கீழே ஹாரன் மறுபடி நீளமாக அடித்தது. ரோசலின் குதிங்காலைத் தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டு பெடலை மிதித்தாள், மேலே ஏறிய சத்தம் இறங்கிவிடாதபடி காலை எடுக்கவில்லை.