சைலன்சர் தண்ணி

...கலந்துட்டேனாம், பெட்ரோலை உறிஞ்சி வித்துட்டு அந்த எடத்துக்குத் தண்ணியை ஊத்தி வெச்சிட்டேனாம், நேற்று காலையில் ஆதிமூலம் மொதலாளி வாசலில் நின்று சொல்கிறார், வண்டி உறுமிக்கொண்டிருக்கிறது, பின்னால் சைலன்சர் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், புழுதியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம், அதைச் செருப்பு நுனியால் காட்டி, "இன்னாடா இருசப்பா, பெட்ரோல் குடிச்ச வண்டி தண்ணியா பேயுது?" என்கிறார்... இன்றைக்கும் அதே தை மாசக் குளிர், அதே வண்டி, பின்சீட்டில் அவரும் அவர் சம்சாரம் அம்சவள்ளி அம்மாவும், கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக் கல்யாணத்துக்கு ஏறுகிறோம், மேலே போனதும் குழாயைப் பார்ப்பாராம், ஒரு சொட்டு வந்தாலும் சாவியைக் குடுத்துட்டு நடந்தே மலை இறங்கணுமாம். இறங்கலாம், கால் இருக்கு. பெட்ரோல் திருடன் என்ற பேரோடு இறங்கினால் இந்தச் சுத்துவட்டாரத்தில் எவன் என்னை நம்பி ஸ்டியரிங்கைக் குடுப்பான்? மறுபடி கரும்பு வெட்டத்தான் போகணும், கரும்புச் சோகை கிழித்த தழும்பே இன்னும் முழங்கையில் மறையாமல் கிடக்கு...

நான் ஒழுங்கா வாயை மூடிக்கினு இருந்திருக்கலாம், கள்ளக்குறிச்சியில் பட்டறை வெச்சிருக்கிற அய்யனாரைப் போய்க் கேட்டேன், அவன் கையைத் துடைச்சிக்கினே சிரிக்கிறான், "யோவ், சோறு வேவும்போது தட்டைத் தூக்கிப் பாத்ததில்லையா? பெட்ரோல் எரிஞ்சாலும் ஆவி வரும்யா, காலையில கொழாய் சில்லுனு கெடக்கும், ஆவி பட்டா தண்ணியாவும், நல்லா ஓடிச் சூடேறினா காஞ்சிடும், போய்யா." இதை அப்படியே மொதலாளியிடம் ஒப்பித்தேனே, என் புத்தியைச் செருப்பால... "ஓகோ, விக்கிறது நீ, சாட்சி அவனா?" தண்ணி கலந்தா வண்டி ஓடுமா மொதலாளி என்று கேட்டால், "ஓடற அளவுக்குத்தான கலப்ப, நீதான் விவரமானவனாச்சே." உள்ளேயிருந்து மொதலாளியம்மா வேறு, "பால்காரியாச்சும் பால் நெறம் தெரியற அளவுக்கு வுட்டுவெப்பா." இவங்க களத்தில் கதிரடிச்சி முடித்ததும் எங்கம்மா கொளஞ்சி மடியை அவுத்து உதறிக் காட்டிட்டுத்தான் வூட்டுக்கு வரும், ஒரு நெல்லு உதிர்ந்ததில்லை, மறுநாளும் உதறச் சொல்வாங்க, அதுவும் உதறும்... மடின்னா உதறலாம், காரை எப்படி உதறுறது?

கொண்டை ஊசி வளைவு, ரெண்டாவது கியர், முன்னால் ஒரு லாரி முக்கிக்கினு போகுது, சூடேறு, சூடேறித் தொலை, சாமியைக் கும்பிட வேண்டிய வாய் சைலன்சரைக் கும்பிடுது பார், "ஏன்டா இந்த மிதி மிதிக்கற?" என்கிறார் பின்னாலிருந்து, ஏத்தங்க மொதலாளி என்கிறேன், ஏத்தமாம், இடுப்பு வரைக்கும் வேர்வை, வெளியே பனி.

வெள்ளிமலை. பந்தலில் மேளம். பொண்ணு மாப்பிள்ளையைக்கூட அவர் பார்க்கவில்லை, வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் குந்திவிட்டார், தோள் துண்டின் நுனியைக் குழாய் வாயில் விட்டு எடுத்தார், கரி. ஈரமே இல்லை. அப்பாடா என்று நான் நிமிர்வதற்குள், "பாத்தியா அம்சு, காஞ்சி கெடக்கு. ஒரே ஒரு அதட்டுதான் போட்டேன், திருந்திட்டான்!" அம்மாவும் சிரிக்கிறது. எழுந்து வந்து என் தோளைத் தட்டுகிறார், "போடா, போய்ச் சாப்புடு. இதோட வுட்டுட்டேன்."

வுட்டுட்டாராம். செய்யாததை மன்னிச்சிட்டாராம். சொட்டினாலும் திருடன், சொட்டாவிட்டாலும் திருந்தின திருடன், நாளைக்குக் காலையில் உங்க வாசலில் மறுபடியும் சொட்டும்யா, குளிர்காலம் பூரா சொட்டும் என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன், சரிங்க மொதலாளி என்று வந்தது. அதுகூடப் போகட்டும், வயிறு பேசிச்சி... ஆனா அந்தக் கை தோளில் பட்டதும் எனக்கு மூச்சு லேசாச்சே, கண்ணுகூடக் கலங்கிச்சே, நெசமாவே திருடிட்டுத் தப்பிச்சவனுக்கு ஆகுமே, அந்த மாதிரி... அது ஏன் எனக்கு ஆச்சு?