மாற்றுச் சில்லு

கண்டியில் கல்யாண வீடுகளுக்குக் கார் வாடகைக்குக் கொடுக்கும் இராமகிருஷ்ணனிடம் பிரதீஸ் சாரதியாக இருந்தான். அங்கே நின்ற ஆறு வாகனங்களில் முதலாளிக்கு உயிர் மாதிரி இருந்தது ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கைகள். எஞ்சின் பின்னால், முன்னால் ஒரு சூட்கேஸ் வைக்கிற அளவுக்கு ஒரு பெட்டி. தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடும். மாப்பிள்ளை வீடு இருக்கும் பன்வில பக்கம் மண் சரிந்து இரண்டு கிழமைதான் ஆகிறது, பஸ்கூட வருவதில்லை, அந்த வீதிக்கு இது சரிவராது என்று பிரதீஸ் சொல்லிப் பார்த்தான். மாப்பிள்ளை வீட்டார் இந்தக் காரைத்தான் கேட்கிறார்கள் என்று முதலாளி சாவியைக் கையில் வைத்தார்.

கல்யாணத்தன்று காலை, மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் மூன்று மைல் இருந்தது. தேயிலைக்குள்ளிருந்து நாலைந்து பெண்கள் ஓடி வந்து காரை மறித்தார்கள். நடுவில் ஒருத்தியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அவளுடைய கண்கள் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. உதடு பெருவிரல் அளவுக்குத் தடித்திருந்தது. கழுத்தெல்லாம் சிவந்த தடிப்புகள்.

"ராஜகுமாரி அக்காவ குளவி கொட்டிருச்சு தம்பி. தோட்டத்து லொறி கொழுந்து ஏத்திக்கிட்டுப் போயிருச்சு. கூட்டிக்கிட்டுப் போயிருங்க."

கண்ணாடிகளில் கட்டியிருந்த பூச்சரங்களைப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் தயங்கினார்கள். பிரதீஸ் கதவைத் திறந்து அவளை இடது பக்க இருக்கையில் சாய்த்து வைத்தான். கூட வருவதற்கு யாருக்கும் இடமில்லை. அவளுடைய மகள் டிலானி வத்தேகமவில் ஒரு கடையில் வேலை செய்கிறாள், அவளுக்குச் சொல்லிவிடுகிறோம் என்று ஒருத்தி பின்னால் கத்தியது கேட்டது. அவன் காரைத் திருப்பிவிட்டான். வத்தேகம ஆஸ்பத்திரிக்கு இருபத்தைந்து நிமிடம் என்று கணக்குப் போட்டான்.

மண் சரிந்த இடத்தைத் தாண்டும்போது பின் இடது டயர் ஒரு கூர்க் கல்லில் ஏறி இறங்கியது. வெடிச்சத்தம் போல ஒன்று கேட்டது. கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பரவாயில்லை, ரிம் போனால் போகட்டும் என்று அவன் ஓட்டிப் பார்த்தான். பத்து முழம்கூடப் போகவில்லை; காரின் வயிறு கல்லில் உரசி மாட்டிக்கொண்டது. பின்னுக்கு எடுத்துத்தான் விடுவிக்க முடிந்தது.

அம்புலன்சுக்கு அழைத்தான். வீதி இருக்கும் நிலையில் வந்து சேர முக்கால் மணி நேரமாவது ஆகும் என்றார்கள். வரச் சொன்னான். ஆனால் பக்கத்தில் அவள் மூச்சு இழுக்கும் சத்தம் மாறிக்கொண்டே வந்தது. முக்கால் மணி நேரம் அந்த மூச்சு தாங்காது என்று அவனுக்கு வைத்தியம் படிக்காமலே தெரிந்தது.

முன் பெட்டியைத் திறந்தான். டயர் வெடித்தால் பூட்டுவதற்கான மாற்றுச் சில்லு இருந்தது. ஆனால் அது மற்ற வாகனங்களில் இருப்பது போன்ற சில்லு இல்லை. இடத்தை மிச்சப்படுத்துவதற்காகக் காற்றில்லாமல் மடிந்து ஒட்டிப்போயிருந்த ஒல்லி டயர். பக்கத்தில் ஒரு சிறிய மின்பம்பு. சிகரெட் பற்றவைக்கும் துளையில் அதன் வயரைச் செருகிக் காற்றடிக்க வேண்டும். இத்தனை வருடத்தில் யாரும் அதை எடுத்துப் பார்த்ததில்லை. அவனும் பார்த்ததில்லை.

முதலில் சில்லைக் கழற்றுவோம் என்று முன் சில்லுகளுக்குக் கல் வைத்தான். சில்லின் ஆணிகள் இறுகிக் கிடந்தன. ஸ்பெனரின் மேல் ஏறி நின்று குதித்தான். ஒவ்வொரு குதிப்புக்கும் கார் ஆடியது. உள்ளே அவள் முனகினாள். கடைசி ஆணியும் இளகியபோது காரைத் தூக்கும் ஜெக்கை எடுத்து அடியில் தள்ளினான். போகவில்லை. டயர் சப்பையானதால் கார் அவ்வளவு பதிந்திருந்தது. மல்லாந்து படுத்து வேறு இடம் தேடினான். எங்கேயும் நுழையவில்லை.

சேற்றில் படுத்தபடியே ஒரு முறை வாய்விட்டு அழுதான். பிறகு எழுந்து, சரிந்த மண்ணுக்குள் கையை விட்டு ஒரு தட்டையான கல்லைப் பெயர்த்தெடுத்தான். நகம் கிழிந்தது தெரியவில்லை. ஆணிகளைத் திரும்பக் கையால் இறுக்கிவிட்டு, முன்னால் வைத்த கற்களை உதைத்துத் தள்ளிவிட்டு, தட்டைக் கல்லைப் பின் டயருக்கு முன் வைத்துக் காரை மெதுவாக அதன் மேல் ஏற்றினான். இப்போது ஜெக் நுழைந்தது. சில்லும் கழன்று வந்தது.

பம்பைச் செருகினான். சத்தமே இல்லை. எஞ்சினை முடுக்கிவிட்டுப் பார்த்தான். வயரைத் திருகிப் பார்த்தான். பம்பைத் தரையில் குத்திப் பார்த்தான். அது செத்துக் கிடந்தது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு முறை, முதலாளி ஒரு முறை. அவன் எடுக்கவில்லை. மலையைப் பார்த்து யாராவது இருக்கிறீர்களா என்று தொண்டை கிழியக் கத்தினான். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இருபது அடி நடந்தான். தலை தொங்கியதும் அவளுக்கு மூச்சு அடைத்தது. பயந்துபோய்த் திரும்பக் கொண்டுவந்து நிமிர்த்தி உட்காரவைத்தான்.

"அக்கா, தூங்கிறாதீங்க. நான் பேசுறது கேக்குதா?"

அவள் விரல்கள் அவன் சட்டைக் கையைப் பிடித்தன. அவற்றில் பலமே இல்லை.

அப்போதுதான் கீழே வளைவில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பின்னால் துணி மூட்டை கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக விற்கப் போகும் மடவளை ஊர் ஹலீம் நானா வந்தார். வண்டியை நிறுத்தியவர் ஒன்றும் விசாரிக்கவில்லை. மூட்டையை அவிழ்த்து வீதியில் போட்டுவிட்டு, அவளைப் பின்னால் இருத்திக் கொண்டுபோகலாம் என்றார். இருவரும் தூக்கி வைத்தார்கள். அவள் துணி போலச் சரிந்தாள். இரண்டாம் தரமும் சரிந்தாள்.

"இதுல இருக்க மாட்டா தம்பி," என்றார் ஹலீம். "எனக்கிட்ட கால்பம்பு இருக்கு. நீங்க சில்லப் பூட்டுங்க, நான் காத்து அடிக்கிறன்."

பிரதீஸ் ஒல்லிச் சில்லை மாட்டி ஆணிகளைக் கையால் முடுக்கினான். ஹலீம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்தார். மடிந்த டயர் முதலில் அசையவே இல்லை. பிறகு ஒரு மடிப்பு பிரிந்தது. இன்னொன்று. அவருடைய தாடியிலிருந்து வியர்வை சொட்டியது. கால் மாற்றி மிதித்தார். வாய்க்குள் ஓதிக்கொண்டே மிதித்தார். டயர் உருண்டு நிமிர்ந்தபோது பிரதீஸ் விரலால் அழுத்திப் பார்த்தான். போதாது. இன்னும் மிதித்தார். உள்ளே அவளுடைய மூச்சு கேட்கவில்லை. பிரதீஸ் ஓடிப்போய் மூக்கருகே காதை வைத்தான். இருந்தது, நூல் மாதிரி.

போதும் என்று ஜெக்கை இறக்கி ஆணிகளை இறுக்கினான். கழற்றிய பெரிய சில்லைத் தூக்கி முன் பெட்டியில் வைத்தால் மூடி மூடவில்லை. உள்ளே வேறு இடமே இல்லை. இருந்த ஓர் இடத்தில் அவள் இருந்தாள். அந்த ஒரு சில்லுக்கு முதலாளி என்ன பாடு படுத்துவார் என்பது அவனுக்குத் தெரியும். அதைத் தூக்கி வீதியோரம் போட்டான்.

"போங்க. அத நான் பாத்துக்கிறன்," என்றார் ஹலீம்.

ஒல்லிச் சில்லில் கார் ஒவ்வொரு வளைவிலும் வாலை ஆட்டியது. ஒரு கையால் ஓட்டி, மறு கையால் அவள் தலை முன்னால் விழாமல் தாங்கிக்கொண்டான். வழி நெடுக, தன் பெயர், தன் அம்மா பெயர், படித்த பள்ளிக்கூடம் என்று வாயில் வந்ததையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டே போனான். எதிரே வந்த அம்புலன்சுக்குக் கையைக் காட்டி நிறுத்தினான். அவர்கள் அவளை இறக்கி அந்த இடத்திலேயே ஊசி போட்டு, முகத்தில் ஒட்சிசன் மாட்டி வண்டியில் ஏற்றினார்கள். பிழைப்பாளா என்று கேட்டான். அதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள்.

பின்னாலேயே போய், ஆஸ்பத்திரி வாசலில் நின்றுதான் முதலாளியின் அழைப்பை எடுத்தான். மாப்பிள்ளை வேனில் போய்விட்டார், அவமானமாகப் போயிற்று என்று இராமகிருஷ்ணன் கத்தினார். பிரதீஸ் நடந்ததைச் சொன்னான். சில்லை எங்கே விட்டாய் என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

"வண்டி இங்கதான் நிக்குது மொதலாளி. வந்து எடுத்துக்கங்க. நான் இப்ப வர மாட்டேன்."

மாலையில் ஹலீம் மூட்டைக்குப் பதிலாகச் சில்லைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். இராமகிருஷ்ணனும் வந்தார். வேலையைவிட்டு நின்றுகொள்ளச் சொன்னார். பிரதீஸ் சரி என்றான். அதற்குள் டிலானி வந்து வார்ட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அன்றிரவு முழுக்க நிச்சயமாக ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள் டாக்டர்கள். விடிந்தபிறகுதான் அம்மா கண் திறந்தாள் என்று டிலானி போனில் அழுதுகொண்டே சொன்னாள்.

மூன்றாம் நாள் பார்க்கப் போனான். கட்டில்கள் வரிசையாக இருந்தன. அவன் தேடிக்கொண்டே அவளைத் தாண்டிப் போய்விட்டான். வீக்கம் வடிந்த அந்த முகத்தை அவன் பார்த்ததே இல்லை. ஒரு தாதியிடம் குளவி கொட்டிய இராஜகுமாரி எங்கே என்று கேட்டான்.

அவன் குரலைக் கேட்டுப் பின்னால் ஒரு மெலிந்த பெண் எழுந்து உட்கார்ந்தாள்.

"தம்பி," என்றாள். "இங்க இருக்கேன்."