விரிப்பின் மறுமுனை

சலவைக்கூடத்து மொட்டைமாடியில் அன்று மதியம் மூன்று பேர் இருந்தார்கள். கைப்பிடிச் சுவரோரம், கவிழ்த்துப்போட்ட கூடைமேல் அம்மா. தண்ணீர்த்தொட்டி நிழலில், அண்ணன் இறந்தபின் தொழிலை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த சித்தப்பா. படிக்கட்டின் மேல்படியில், மடியில் அட்டையும் காகிதமுமாக இளையவள்.

வெளியூரில் நர்சிங் படிக்கும் அக்கா எழுதியிருந்தது ஒரே விஷயம்தான். அம்மா இன்னும் பேசவில்லையென்றால் படிப்பை விட்டுவிட்டுக் கிளம்பி வருகிறேன். இளையவளின் பேனா ‘அன்புள்ள அக்கா’வைத் தாண்டவில்லை. அப்பா போன நாளிலிருந்து அம்மா வாய் திறக்கவில்லை. அதை எழுதினால் அக்காவின் படிப்புக்கு முழுக்கு. பேசினாள் என்று புளுகவும் கை வரவில்லை.

கொடிகளில் தங்கும் விடுதியின் விரிப்புகள் காய்ந்தன. காற்று வந்தால் மாடியே கப்பலாகிப் பாய் விரித்து மிதந்து போவதுபோல் இருக்கும். அந்த அகலத் துணியை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்துவந்து விரல் தொட மடிப்பார்கள். இப்போது மறுமுனையை வேறு யாரும் தொட அம்மா விடுவதில்லை. மடிக்காத துணி மலையாகக் குவிந்து கிடந்தது.

“விடுதிக்காரன் உயிர வாங்குறான்” என்று முனகியபடி சித்தப்பா எழுந்து, கொடிக்கு அந்தப் பக்கம் போய் ஒரு விரிப்பை உருவி உயர்த்திப் பிடித்தார். வெயில் அவர் நிழலைத் துணியில் வரைந்தது. அப்பாவின் அதே உயரம், அதே சரிந்த தோள்.

அம்மா எழுந்தாள். தூக்கத்தில் நடப்பவள்போலப் போய் இந்தப் பக்கத்து முனைகளைப் பிடித்தாள்.

“நல்லா இழுத்துப் பிடிங்க. எப்பவும் தொளதொளன்னு...”

துணி தாழ்ந்தது. திருட்டில் பிடிபட்டவர்போல் விழித்தார் சித்தப்பா.

“நான்தான் அண்ணி.”

அம்மா முனையை விடவில்லை. கண்ணீர் பொலபொலவென்று இறங்கியது.

“தெரியுது தம்பி. அவருக்கும் ஒழுங்காப் பிடிக்க வராது. ரத்தம் அப்படி. ம், கிட்ட வாங்க.”

வெள்ளைக்குள் வெள்ளையாக விரிப்பு பாதியானது, காலானது. அடுத்ததை அம்மாவே உருவினாள்.

“அம்மா, நீ நல்லா இருக்கேன்னு அக்காவுக்கு எழுதட்டுமா?”

“பொய் எழுதாதடி. அழுதேன்னு எழுது. உங்கப்பான்னு நெனச்சுப் பேசிட்டேன், அப்புறம் சித்தப்பான்னு தெரிஞ்சும் பேசினேன்னு எழுது. படிப்ப விட்டுட்டு வந்தா கால ஒடிச்சிருவேன், அதையும் சேத்துக்கோ.”

“ஒடிச்சா செலவில்ல அண்ணி. அவளே கட்டுப் போட்டுக்குவா.”

அம்மா முகத்தில் வந்தது சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. இளையவள் சொன்னது சொன்னபடி எழுதி, உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து, ஒட்டி, விரலால் நீவினாள். கீழே தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டது. படிகளில் தடதடவென்று இறங்கி, கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தாள்.